வீட்டில் தினசரி பௌத்த வந்தனை: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விளக்கு வைக்கும் நேரத்தில் நம் மாவட்டத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஓதும் குரல் கேட்கும். ஒரு வீட்டில் குடும்ப ஜெபம், அடுத்த வீட்டில் நாமஜெபம், சாமித்தோப்புப் பக்கம் போனால் அய்யாவழியினரின் உகப்படிப்பு. தினமும் ஒரு வேளை உட்கார்ந்து வாய்விட்டு ஓதும் பழக்கத்தைக் குமரிக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பௌத்த வந்தனையைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல கைமுதல்.

புதிதாகப் பழக வேண்டியது வேறொன்று: இங்கே வேண்டுதல் கிடையாது. வேலை கிடைக்க வேண்டும், கடன் தீர வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் இடம் இது அல்ல. புத்தர் வரம் தரும் கடவுள் அல்லர். துன்பத்திலிருந்து விடுபடும் வழியைக் கண்டு சொன்ன ஆசிரியர். அவரையும், அவர் சொன்ன தம்மத்தையும், அதன்படி நடந்து காட்டிய சங்கத்தையும் நினைவுகூர்ந்து, இன்றைய நாளை எப்படி நடத்தப்போகிறோம் என்று நமக்கு நாமே உரக்கச் சொல்லிக்கொள்வதுதான் வந்தனை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. வேண்டுதலாக எண்ணித் தொடங்குகிறவர்கள் கேட்டது கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள், கிடைத்துவிட்டாலும் நிறுத்திவிடுகிறார்கள்.

பௌத்தத்தில் ஓதும் மரபுகள் பல. ஜப்பானின் நிச்சிரென் மரபினர் 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்று ஓதுகிறார்கள். திபெத்தியர் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்கிறார்கள். அவற்றுக்கு வேறு முறை, வேறு ஆசிரியர்கள். இங்கே நான் சொல்வது, இலங்கை, தாய்லாந்து, மியான்மர் நாடுகளில் வழங்கும் தேரவாத மரபின் வந்தனை. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அமைந்தது. ஒன்றில் கால் ஊன்றும் வரை மற்றதைக் கலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பாலி நமக்கு அந்நியம் என்று தயங்க வேண்டியதில்லை. மணிமேகலை தன் காப்பியத்தின் இறுதிக் காதையில் சரணடைவது புத்தம், தருமம், சங்கம் என்ற இதே மூன்றில்தான். தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாச பண்டிதர் 1898-இல் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கப் பயிற்சிகளை ஏற்றார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் திரிசரணமும் (மூன்று சரணங்கள்) பஞ்சசீலமும் சொல்லித் தீட்சை பெற்றார். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1-க்குச் சில நாட்கள் முன்பு. அவர்கள் சொன்ன அதே வரிகளைத்தான் நீங்களும் சொல்லப்போகிறீர்கள்.

நேரமும் இடமும்

அதிகாலைதான் உகந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு அதிகாலை வேலை நேரம். கடலுக்குப் போகிறவருக்குக் கடல்தான் நேரம் குறிக்கும். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவருக்கு வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் கடிகாரத்தில் ஒரு மணியைக் குறிப்பதைவிட, எந்த நாளும் விட்டுப்போகாத ஒரு வேலையோடு வந்தனையை முடிந்து வையுங்கள். பல் தேய்த்து முகம் கழுவிய பிறகு, கட்டன்சாயா குடிப்பதற்கு முன்பு. அல்லது வேலை முடிந்து வந்து கை கால் கழுவியவுடன். எது உங்களுக்கு நிச்சயமோ அது.

இடத்துக்குச் சுவர் அலமாரியின் ஒரு தட்டு போதும். புத்தர் படமோ சிலையோ வைத்தால், நீங்கள் தரையில் உட்காரும்போது உங்கள் தலைக்குச் சற்று மேலாக இருக்கட்டும். அதை நோக்கிக் கால் நீட்ட வேண்டாம். படம் இல்லையென்றால் ஓர் அரசிலை வையுங்கள். புத்தர் ஞானம் பெற்றது அரச மரத்தடியில்தான், அந்த மரம் நம் ஊர்க் குளக்கரைகளில் நிற்கிறது. சாஞ்சியிலும் பார்ஹுத்திலும் உள்ள பழைய சிற்பங்களில் புத்தரின் உருவமே இல்லை. மரமாகவும் பாதச்சுவடாகவும் சக்கரமாகவும்தான் அவரைக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று: சிதறால் மலையில் அமர்ந்த கோலத்தில் இருப்பவை சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்க அருமையான இடம், போய் வாருங்கள். ஆனால் அந்தப் படத்தைப் புத்தர் என்று எண்ணி வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

விளக்கு, பூ, தண்ணீர் எல்லாம் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. தேங்காய் எண்ணெய் விளக்கு ஒன்றும், முற்றத்துச் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ ஒன்றும் இருந்தால் மனம் ஒருங்கும். தோவாளையிலிருந்து பிச்சி வாங்கி வைத்தாலும் நல்லதே. பூ வைக்கும்போது சொல்லும் பாலிச் செய்யுள், இந்தப் பூ வாடுவதைப் போல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று முடிகிறது. அதனால் நேற்றைய பூவை எடுத்து அப்புறப்படுத்துவதையும் அவசரமில்லாமல், பார்த்துச் செய்யுங்கள். எடுக்காமல் நான்கு நாள் காய்ந்து கிடக்கும் பூவை விட, பூவே இல்லாத தட்டு மேல்.

முதல் வாரம்: மூன்றே பகுதிகள்

முதுகு நேராக, சம்மணமிட்டோ நாற்காலியிலோ உட்காருங்கள். கைகளைக் கூப்பிக்கொள்ளுங்கள். மூன்று மூச்சு மெதுவாக விட்ட பிறகு தொடங்குங்கள்.

முதலில் வணக்கம், மூன்று முறை: 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ ஸம்மாஸம்புத்தஸ்ஸ.' பகவானும், மனமாசு நீங்கிய அருகரும், தாமே முழுமையாக விழிப்புற்றவருமான அவருக்கு வணக்கம் என்பது பொருள்.

அடுத்து திரிசரணம்: 'புத்தம் ஸரணம் கச்சாமி, தம்மம் ஸரணம் கச்சாமி, ஸங்கம் ஸரணம் கச்சாமி.' இதையே 'துதியம்பி' என்று முன்னால் சேர்த்து இரண்டாம் முறையும், 'ததியம்பி' என்று சேர்த்து மூன்றாம் முறையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பஞ்சசீலம். 'பாணாதிபாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி' என்பது முதல் சீலம்: உயிர்களைக் கொல்வதிலிருந்து விலகும் பயிற்சியை மேற்கொள்கிறேன். மற்ற நான்கிலும் முதல் சொல் மட்டும் மாறும். 'அதின்னாதானா', கொடுக்கப்படாததை எடுப்பதிலிருந்து. 'காமேஸு மிச்சாசாரா', தகாத பாலுறவு நடத்தையிலிருந்து. 'முஸாவாதா', பொய்யிலிருந்து. 'ஸுராமேரய மஜ்ஜ பமாதட்டானா', மதி மயங்கக் காரணமான கள், சாராயம், போதைப் பொருளிலிருந்து.

வந்தனைப் புத்தகங்களில் பஞ்சசீலத்துக்கு முன்னால் 'அஹம் பந்தே' என்று தொடங்கும் ஒரு பகுதியைப் பார்ப்பீர்கள். அது முன்னே அமர்ந்திருக்கும் பிக்குவிடம் (பௌத்தத் துறவியிடம்), சீலம் அளியுங்கள் என்று கேட்கும் வேண்டுகோள். வீட்டில் தனியாக ஓதும்போது அது தேவையில்லை. நேரே சரணத்துக்கும் சீலத்துக்கும் போய்விடலாம்.

இவ்வளவுதான் முதல் வாரம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அலைபேசியை உடனே கையில் எடுக்காதீர்கள்.

சீலங்களைப் பற்றி ஒன்று. இவை யாரோ இட்ட கட்டளைகள் அல்ல, மீறினால் தண்டிக்க மேலே ஒருவரும் இல்லை. ஒவ்வொன்றும் நாமாக ஏற்கும் பயிற்சி. நேற்று கோபத்தில் பொய் சொல்லியிருந்தால், இன்று நான்காம் சீலத்தைச் சொல்லும்போது நாக்கு சற்றுத் தடுமாறும். தடுமாறட்டும். மறைக்காமல் அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏற்றுக்கொள்ளுங்கள். தினமும் ஓதுவதன் பயன் எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. நீண்ட சூத்திரங்களை மனப்பாடமாக ஒப்பிப்பவரைவிட, ஐந்து வரிகளைச் சொல்லும்போது நேற்றைய நாளை நேர்மையாக நினைத்துப் பார்ப்பவர் நன்றாக ஓதுகிறார் என்பேன்.

ஒலியைப் பிடிப்பது

தமிழ் எழுத்தில் பாலியைப் படிக்கும்போது வரும் சிக்கலைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். பாலியில் அப்படி இல்லை. 'புத்தம்' என்பதன் முதல் எழுத்து, 'பம்பரம்' என்ற சொல்லின் நடுவில் வரும் பகரம் போல ஒலிக்க வேண்டும். 'கச்சாமி'யின் ககரம் 'தங்கம்' என்பதில் உள்ள ககரம். 'தம்மம்' என்பதன் தகரம் 'பந்து' என்பதில் உள்ளதைப் போல, கூடவே சற்று மூச்சழுத்தத்துடன்.

இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. 'துதியம்பி' என்று படித்ததும் நம் நாக்கு 'தம்பி' என்பதைப் போலவே கடைசி எழுத்தை மெலிவாக்கிவிடும். பாலியில் அந்த 'பி' வல்லொலி. 'பிள்ளை' என்பதில் வரும் 'பி'. அதே சொல்லில் முதல் எழுத்து மெலிய வேண்டும், நடுவில் உள்ள 'தி' வலிய வேண்டும். 'பகவதோ', 'அரஹதோ' இரண்டிலும் கடைசி 'தோ' வல்லொலி. முதல் சீலத்தின் 'பாணாதிபாதா' என்ற சொல்லில் எல்லாத் தகரமும் பகரமும் வலியவை. அடுத்து வரும் 'அதின்னாதானா'வில் எல்லாத் தகரமும் மெலியவை. இந்த இரண்டு வரிகளையும் சரியாகச் சொல்லப் பழகினால் மற்றவை தாமாக வரும்.

ஆகவே கண்ணால் படிப்பதற்கு முன் காதால் கேளுங்கள். இலங்கை, தாய்லாந்து, மியான்மர் பிக்குகள் ஓதிய பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. மூன்று நாட்டாரின் உச்சரிப்பும் இழுப்பும் வேறு வேறு. ஒரே ஒரு குரலைத் தேர்ந்து அதையே கேளுங்கள். தமிழருக்கு இலங்கை முறை பிடிபடுவது எளிது. ஒரு வரியைக் கேட்டு, நிறுத்தி, நீங்கள் சொல்லி, மறுபடி கேளுங்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். மெலிந்து ஒலிக்கும் எழுத்தின் கீழே ஒரு கோடு, மூச்சழுத்தம் வேண்டிய எழுத்தின் மேலே ஒரு புள்ளி. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண்கள் இட்டிருப்பார்களே, அந்த முறை பழக்கமானவர்கள் அதையே பின்பற்றலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டால் இந்தச் சிக்கலே கிடையாது, பாலியின் எல்லா ஒலிக்கும் அதில் தனி எழுத்து உண்டு. நோட்டில் இடப்பக்கம் பாலி, வலப்பக்கம் அதே வரிக்குத் தமிழ்ப் பொருள். பொருள் தெரியாத வரியை ஓதும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உச்சரிப்புத் தவறினால் தீங்கு வருமோ என்ற அச்சம் வேண்டாம். இவை மாந்திரிகச் சொற்கள் அல்ல. கவனமாகச் சொல்வது மரியாதை, அவ்வளவே.

ராகம் போட்டுப் பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. தம்மத்தை நீட்டி இழுத்துப் பாட்டுக் குரலில் ஓதுவதில் ஐந்து குறைகள் என்று புத்தர் பிக்குகளிடம் சொல்கிறார். ஓதுகிறவரே தம் குரலில் மயங்குகிறார், கேட்பவரும் மயங்குகிறார், ஒருமுகப்பாடு கலைகிறது என்பவை அவற்றில் மூன்று. அதற்காக வறண்ட குரலில் ஒப்பிக்க வேண்டும் என்பதில்லை. அவந்தி நாட்டிலிருந்து வந்த சோணர் என்ற பிக்குவை ஒரு விடியற்காலையில் ஓதச் சொல்லிக் கேட்ட புத்தர், தெளிவாகவும் குழறலின்றியும் பொருள் விளங்கும்படியும் ஓதியதற்காக அவரைப் பாராட்டினார் என்று உதானம் என்ற பாலி நூல் கூறுகிறது. அந்த மூன்றும்தான் அளவு: தெளிவு, குழறாமை, பொருள் விளங்குதல். உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்கும் குரல் போதும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

கூட்டிக்கொண்டு போவது

திரிசரணமும் பஞ்சசீலமும் நோட்டைப் பார்க்காமல் வந்த பிறகுதான் அடுத்தது. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு இரண்டு மாதம். அடுத்ததாக 'இதி பி ஸோ பகவா' என்று தொடங்கும் புத்த வந்தனை. புத்தரின் ஒன்பது குணங்கள். பிறகு தம்ம வந்தனையின் ஆறு குணங்கள்: நன்கு உரைக்கப்பட்டது, இங்கேயே காணத்தக்கது, காலம் தாழ்த்தாதது, வந்து பார் என்று அழைப்பது, உள்நோக்கி நடத்துவது, அறிவுடையோர் தாமே உணரத்தக்கது. பிறகு சங்க வந்தனை.

அதன்பின் எல்லா உயிர்களிடமும் அன்பு கொள்வதைச் சொல்லும் கரணீய மெத்த சூத்திரம். பத்துச் செய்யுள்கள் கொண்ட இதை வாரத்துக்கு ஒரு செய்யுளாகக் கற்பது நல்லது. ஒரே மகனைத் தாய் தன் உயிரையும் கொடுத்துக் காப்பதைப் போல எல்லா உயிர்களிடமும் அளவற்ற மனத்தை வளர்க்க வேண்டும் என்பது இதன் நடுவில் வருகிறது. நின்றாலும் நடந்தாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும், விழித்திருக்கும் வரை இந்த நினைவில் இரு என்றும் சொல்கிறது. ஆகவே வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து மனத்துக்குள் ஓதுவதும் சூத்திரம் சொன்னதற்குள் அடங்கும்தான். ஆனால் அது வீட்டு வந்தனைக்குக் கூடுதல், மாற்று அல்ல.

கடைசியில் புண்ணியத்தைப் பங்கிடுதல்: 'இதம் மே ஞாதீனம் ஹோது, ஸுகிதா ஹோந்து ஞாதயோ.' இது என் உறவினருக்குச் சேரட்டும், உறவினர் நலமாக இருக்கட்டும். இறந்தவர்களை நினைத்து இதைச் சொல்வது வழக்கம்.

மனம் ஒட்டாத நாட்கள்

எவ்வளவு நன்றாகப் பழகிய வரியும் சில நாட்களில் வராது. நடுவில் மறந்துபோகும், அல்லது வாய் முழுவதையும் சொல்லி முடித்திருக்கும், மனம் எங்கோ இருந்திருக்கும். இது புதியவர்களின் குறை அல்ல. சங்காரவர் என்ற பிராமணர் இதே கேள்வியைப் புத்தரிடம் கேட்டிருக்கிறார்: நீண்ட காலம் ஓதிய மந்திரங்கள்கூடச் சில வேளை நினைவுக்கு வருவதில்லை, ஓதாதவைகூடச் சில வேளை தெளிவாக வருகின்றன, ஏன்? சம்யுத்த நிகாயம் என்ற உரைத் தொகுப்பில் உள்ள அந்தப் பதிலைவிட ஓதுகிறவர்களுக்குப் பயன்படும் பகுதி வேறில்லை என்று நினைக்கிறேன்.

பாத்திரத்துத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்க முயலும் ஒருவரைப் புத்தர் காட்டுகிறார். தண்ணீரில் மஞ்சளும் அரக்குச் சாயமும் கலந்திருந்தால் முகம் தெரியாது. ஆசை பிடித்த மனம் அது. கொதிக்கும் தண்ணீரிலும் தெரியாது, அது வெறுப்பு. பாசி மூடிய தண்ணீர், சோம்பலும் தூக்கமும். காற்றில் அலையும் தண்ணீர், பரபரப்பும் மன உளைச்சலும். கலங்கிச் சேறாகி இருட்டில் வைத்த தண்ணீர், ஐயம்.

வந்தனை ஒட்டாத நாளில் இன்று என் தண்ணீர் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாசியென்றால், அதாவது தூக்கம் கண்ணைச் சுற்றினால், எழுந்து நின்று சற்று உரக்க ஓதுங்கள். ஒருவர் மீது உள்ள கோபம் கொதித்தால், அன்று சீலங்களை முடித்து நேரே மெத்த சூத்திரத்துக்கு வாருங்கள். கற்றிருக்காவிட்டால், எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று தமிழில் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் மனம் அலைந்தால் பகுதிகளைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். முழுவதையும் விரைந்து முடிப்பதைவிட மூன்று முறை 'நமோ தஸ்ஸ' மட்டும் நிதானமாகச் சொல்வது நல்லது. ஐயத்துக்கு வழி நோட்டின் வலப்பக்கத்துப் பொருளைத் திரும்பப் படிப்பது. இது எதற்கு என்ற கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதைத் தம்மம் தடுக்கவில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டிப்பாக ஓதி ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான அளவையே ஓதுங்கள்.

வீட்டில் எழும் கேள்விகள்

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஓதலாமா? ஓதலாம், விளக்கேற்றலாம், பூ வைக்கலாம். வந்தனைக்குத் தீட்டு என்பது கிடையாது. வீட்டில் இறப்பு நடந்தாலும் நிறுத்த வேண்டியதில்லை. புண்ணியம் பங்கிடும் வரிகள் மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஓதலாமா? ஓதலாம். முதல் சீலம் தெரிந்தே கொல்வதைப் பற்றியது. சைவம் சாப்பிடுவது உங்கள் விருப்பம். மது அருந்திவிட்டு உட்கார வேண்டாம். ஐந்தாம் சீலத்தைப் போதையில் சொல்வதில் பொருள் இல்லை.

குளித்துத்தான் ஆக வேண்டுமா, ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டுமா? இரண்டும் வேண்டாம். சுத்தமாக இருந்தால் போதும்.

வீட்டில் மற்றவர்கள் வேறு சமயம் என்றால்? இந்த மாவட்டத்தில் பலருக்கும் இதுதான் நிலை. அம்மாவின் சாமி படங்களை நகர்த்தி இடம் பிடிக்காதீர்கள். மனைவி ஜெபிக்கும் நேரத்தில் போட்டிக் குரலில் ஓதாதீர்கள். அலமாரித் தட்டு கிடைக்காவிட்டால் நோட்டை ஒரு துணியில் சுற்றி வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஓதலாம். உங்கள் பேச்சு மென்மையானதை அவர்கள் பார்த்த பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அதற்கு முன் விளக்கம் வேண்டாம்.

பிக்குவைச் சந்திப்பதும் பௌர்ணமியும்

தனியாக ஓதித் தொடங்கலாம்; ஆனால் ஒருமுறையாவது ஒரு பிக்குவின் முன் அமர்ந்து சரணமும் சீலமும் ஏற்பது நல்லது. நீங்கள் பழகிய உச்சரிப்பும் அங்கே திருத்தம் பெறும். நாகர்கோவிலிலிருந்து சென்னை செல்கிறவர்கள், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னத் லேனில் உள்ள மகாபோதி சங்க விகாரைக்குப் போகலாம். அநகாரிக தர்மபாலர் 1891-இல் கொழும்பில் தொடங்கிய சங்கம் அது. உணவு கொண்டுபோவதானால் நண்பகலுக்கு முன் கொடுங்கள். தேரவாத பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை. வெறுங்கையோடு போனாலும் தவறில்லை.

நாட்காட்டியில் பௌர்ணமி, அமாவாசை நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை உபோசத நாட்கள், அதாவது நோன்பு நாட்கள். அன்று வழக்கத்தைவிடச் சற்று அதிகம் ஓதலாம். முடிந்தவர்கள் எட்டுச் சீலங்களை ஒரு பகலும் இரவும் காக்கலாம். அவற்றில் ஒன்று நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பது, அதனால் தோட்ட வேலையோ கடல் வேலையோ உள்ள நாளில் வலிந்து முயல வேண்டாம். ஆண்டின் முதன்மையான நாள் வைகாசிப் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் அந்த நாளில் என்று தேரவாத மரபு கொண்டாடுகிறது. ஆடிப் பௌர்ணமி, அவர் சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதல் உரை நிகழ்த்திய நாள். இந்த இரண்டில் ஒன்றை உங்கள் வந்தனையின் தொடக்க நாளாக வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அவை இன்னும் தொலைவில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.